பழைய செல்போனில் கிணற்றுக் கணக்கு

ஆம்பூர் பக்கம், பாலாற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். தென்னை, கேழ்வரகு, நிலக்கடலை. ஒன்பது வருஷமா ரசாயன உரம் ஒரு பிடி போடல. ஆனால், 'பாய்ச்சுற தண்ணியில என்ன இருக்குது?' என்று யாராவது கேட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்ம பக்கத்து உழவர்களுக்கு இது பழைய கேள்வி. தோல் பதனிடும் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. அந்தப் பேச்சு வந்தாலே எங்க சித்தப்பா சொல்வார்: “கிணறு எப்பக் கெட்டுச்சு, தேதி சொல்லுன்னா இன்னாடா சொல்றது? வாயில வச்சா உப்புக் கரிச்சுது, அவ்ளோதான்.”

அந்தத் தேதிக்காகத்தான் ஒரு செயலி எழுத உட்கார்ந்தேன். ஊர் திரும்பும் முன் சென்னையில் எனக்கு மென்பொருள் வேலை. அந்தத் திமிரில், புது போனில் ஓடுகிற மாதிரி இரண்டே நாளில் முடித்தேன். வீட்டில் சும்மா கிடந்ததோ திரை விரிசல் விட்ட ஆண்ட்ராய்டு 4.4 போன். அதில் ஏறவே இல்லை. குறைந்தபட்சப் பதிப்பை 19 என்று குறைத்தால், நான் சேர்த்திருந்த நூலகங்கள் முரண்டு பிடித்தன. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வெறும் ஜாவாவில் எழுதினேன். கிணறு எண், அளவு, ஒரு பட்டன். தேதியை போனே போட்டுக்கொள்ளும்.

ஏற்றுவது சுலபம். அமைப்புகளில் 'பில்டு நம்பர்' என்பதை 7 தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிள் வழியாகக் கணினியிலிருந்து ஏற்றலாம்.

இணையத்தில் சேமிக்கலாம் என்று பார்த்தேன். 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளில் இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் சில இல்லை, இணைப்பை ஏற்க மறுக்கிறது. சரி போ என்று எஸ்எம்எஸ்ஸுக்கு மாறினேன். அதுவே நல்லதாப் போச்சு! சித்தப்பாவின் பட்டன் போனிலிருந்தும் 'K3 1450' என்று அனுப்பினால், பழைய போன் அதைப் பிடித்துப் பதிந்துகொள்ளும். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துதான் கொள்ளும், ஆங்கில எழுத்து என்றால் 160. அதனால் வெறும் குறியீடும் எண்ணும்தான். இப்போது ஐந்து கிணறுகள் இந்தக் கணக்கில் இருக்கின்றன.

இரண்டு அடி வாங்கினோம். போனை மோட்டார் கொட்டகைத் தகரத்தடியில் எந்நேரமும் சார்ஜில் வைத்ததில் பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிவிட்டது. தீப்பிடிக்காதது எங்கள் நல்ல நேரம். உப்பின பேட்டரியைத் திரும்பப் போடாதீங்க. இப்போது வேறு பேட்டரியோடு போன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, அளவு எடுக்கும் நாளில் மட்டும் சார்ஜ்.

இன்னொரு நாள் ஒரு கிணற்றில் அளவு திடீரென்று எகிறியது. ஆலைக்காரன் ராத்திரியில திறந்து விட்டுட்டான் என்று கொதித்தோம். விசாரித்தால், பல நாள் ஓடாத மோட்டாரைப் போட்டதும் வந்த முதல் தண்ணியைப் பிடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பத்து நிமிஷம் ஓடவிட்டுத்தான் அளவு.

டிடிஎஸ் பேனா மின்கடத்துத் திறனை வைத்து உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவே. குரோமியம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு ஆய்வகம்தான் போகணும். எந்தக் கிணற்றுத் தண்ணியை எப்போது கொடுப்பது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கணக்கு.

மூணாவது கிணறு மட்டும் ஆடியிலிருந்து வாராவாரம் ஏறிக்கிட்டே வருது, மழைக்கப்புறமும் இறங்கல. போன திங்கட்கிழமை அந்தத் தண்ணியை ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறோம். கூடவே, தேதி போட்ட பட்டியலையும்.