இறக்க ஒன்று, ஏற்ற நான்கு

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். அதில் ஏறுகிறவரின் கால் தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை விடாமல் உறிஞ்சுகின்றன. உடலின் இரத்தம் முழுவதிலும் இருப்பதோ ஏறக்குறைய 4 கிராம் குளுக்கோஸ். வேறு வரவு இல்லையென்றால் பாதி மலையிலேயே மயங்கி விழ வேண்டியதுதான். அப்படி ஆகாததற்குக் காரணம், ஏறத் தொடங்கியதுமே கணையம் இன்சுலினைக் குறைத்து, அதற்கு எதிரான குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடுவதுதான். குளுக்ககானின் ஆணைப்படி கல்லீரல் தன் கிளைக்கோஜன் சேமிப்பை உடைத்துச் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது.

இன்சுலினையும் குளுக்ககானையும் சமமான இரு தட்டுகள் கொண்ட தராசாகச் சொல்லித்தருவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. சர்க்கரையை இறக்க இன்சுலின் ஒன்றுதான். ஏற்றவோ குளுக்ககான், அட்ரினலின், கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் என நான்கு. இந்த ஏற்றத்தாழ்வுதான் இங்கே முக்கியம். கூடிய சர்க்கரை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் கெடுக்கும். குறைந்த சர்க்கரை நிமிடங்களில் மூளையை முடக்கும். பசியே பெரும் ஆபத்தாக இருந்த காலத்தில் உருவான உடல், அந்தப் பக்கத்தில் காவலைக் கூட்டிவைத்திருக்கிறது. இன்சுலினைக் குறைத்தாலே போதாதா, எதிர் ஹார்மோன் எதற்கு என்று கேட்கலாம். இன்சுலினைக் குறைப்பது கல்லீரல் மீதான தடையை விலக்குவது மட்டுமே. அவசரத்துக்குக் கல்லீரலை முடுக்கிவிட ஒரு கட்டளையும் வேண்டும்.

இவ்வளவு காவல் இருந்தும் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொல்லும் நிலை வந்தது எப்படி? காவல் மிகுந்திருப்பது சர்க்கரை குறையாமல் காக்கும் பக்கத்தில். இறக்கும் ஒரே ஹார்மோன் தளர்ந்தால் அதற்கு மாற்று ஆள் இல்லை. போதாக்குறைக்கு, இரண்டாம் வகை நீரிழிவில் சாப்பிட்ட பிறகும் குளுக்ககான் அடங்குவதில்லை. வயிறு நிறைந்திருக்கும்போதும் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. 1923இலேயே பெயர் பெற்ற குளுக்ககானை நீரிழிவுப் பேச்சில் நாம் மறந்துவிடுவது பெரிய குறை.

நீரிழிவுக்கு ஊசியில் போட்ட இன்சுலின், கணையம் சுரப்பதைப் போல மலை ஏறும்போது தானாகக் குறையாது. கிளிமிபிரைட் போன்ற நீரிழிவு மாத்திரைகளும் வெறும் வயிறு என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும். எனவே இவற்றை எடுத்துக்கொள்பவர்கள் ராஜகிரி ஏறுவதானாலும், பக்கத்து மேல்மலையனூரில் அமாவாசை விரதம் இருப்பதானாலும், மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் குளுக்கோஸோ சர்க்கரையோ கட்டாயம் இருக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே அதை வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.