ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

67,46,32,83,88,800. கிட்டத்தட்ட ஆறே முக்கால் லட்சம் கோடி. கடைசியில் பூஜ்யம் இருப்பதால் இது பகு எண் என்று பார்த்ததுமே தெரியும். ஆனா இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? 1, 2, 3 என்று நொடிக்கு ஒன்றாக வகுத்துப் பார்த்தால், முடிக்க இரண்டு லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும்.

விடை 10,080. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ராமானுஜன், 1915-ல் வெளியான கட்டுரையில் இதைப் பட்டியலிட்டிருக்கிறார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான்.

கட்டுரையின் விஷயம் 'ஹைலி காம்போசிட்' எண்கள். தமிழில் உயர் பகு எண் என்று வைத்துக்கொள்வோம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகள் உள்ள எண். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. அந்த 60-ம் உயர் பகு எண்தான், வகுத்திகள் 12.

வகுத்திகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். 12 = 2² × 3. ஒரு வகுத்தியை உருவாக்க 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு தடவை எடுக்கலாம், இரண்டு தடவை எடுக்கலாம்: மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம்: இரண்டு வழி. 3 × 2 = 6. அவ்வளவுதான். ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கணும்.

இப்போ நம்ம பெரிய எண்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

வகுத்திகள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

அடுக்குகளைக் கவனிங்க: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கேயும் ஏறவில்லை. இது தற்செயல் இல்லை. 3-ன் அடுக்கு 2-ன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினாலே எண் சிறியதாகிவிடும், வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது. அப்புறம் எப்படி அது உயர் பகு எண் ஆகும்? கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 இரண்டைத் தவிர எப்போதும் 1 என்றும் ராமானுஜன் நிறுவினார்.

ஆனா வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 30 = 2 × 3 × 5. வடிவம் பொருந்துது, வகுத்திகள் 8. ஆனால் அதைவிடச் சிறிய 24-க்கும் 8 இருக்கே! அதனால் 30 பட்டியலில் வராது. விதிகள் போட்டியாளர்களைக் குறைத்துக் கொடுக்கும். மிச்சம் இருப்பவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டே ஆகணும். கம்ப்யூட்டருக்கு இது ஒரு நொடி வேலை. ராமானுஜன் காலத்தில் எல்லாமே கைக்கணக்கு.

அவர் பட்டியலில் 102 எண்கள். அதில் ஒன்று விட்டுப்போச்சு: 2,93,31,86,25,600. வகுத்திகள் 5,040, அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. பட்டியலில் ஒரு வரி குறைந்ததால் அவருடைய தேற்றங்கள் எதுவும் ஆட்டம் காணவில்லை. அவை பட்டியலைப் பார்த்து ஊகித்தவை அல்ல, தனியாக நிறுவப்பட்டவை.

விட்டுப்போன எண்ணைப் பிரித்துப் பாருங்க:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது இதுதான்.