பாட்டி வெச்ச வெள்ளி ரூபாயைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி

தங்கம், வெள்ளி பற்றி எப்ப வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வரும்: "வீட்டுல பிரிட்டிஷ் காலத்து ஒரு ரூபாய் இருக்கு, என்ன விலை போகும்?" நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான்: அதைத் தேய்ச்சீங்களா?

வரலட்சுமி நோன்பு, தீபாவளி வந்தா சாமி அலமாரியில் இருக்கிற வெள்ளிக் காசுக்குப் புளி, விபூதி, டூத்பேஸ்ட் எல்லாம் விழும். ஒரு காலத்தில் சேகரிப்பாளர்களும் இப்படித்தான். மின்னுற காசுதான் நல்ல காசு என்று பாலிஷ் போட்டார்கள். இப்போ நிலைமை தலைகீழ். 1980களில் பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி தரம் பார்க்கும் நிறுவனங்கள் வந்தன. 70-க்கு இத்தனை என்று மார்க் போட்டு, நாணயத்தை பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருவார்கள். மோசமாகத் தேய்த்த நாணயத்துக்கு அந்த மார்க் கிடைக்காது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற முத்திரைதான்.

அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு இல்லீங்க. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டாகிற சில்வர் சல்பைடு. (கந்தகத்தைப் பற்றி திருத்தங்கல், சிவகாசிக்காரங்களுக்கு விளக்கணுமா என்ன!) அதைத் தேய்த்து எடுத்தால் நாணயத்தின் மேல்தோலும் சேர்ந்து போகும், கீறலும் விழும்.

இதுல பணம் எங்கே இருக்கு? 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் பாருங்க. ராஜாவின் உடையில் இருந்த குட்டி யானை பன்றி மாதிரி தெரியுது என்று எதிர்ப்பு கிளம்பியது. நாணயத்தைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானதை உருக்கிவிட்டு, 1912-ல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். தப்பித்த 1911-க்குத்தான் மவுசு. வாங்குறவர் லென்ஸ் வெச்சுப் பார்க்கிறதே அந்த யானையைத்தான். புளி போட்டுத் தேய்க்கும்போது முதலில் மழுங்குவதும் அதேபோன்ற நுணுக்கங்கள்தான்.

எல்லாக் காசுக்கும் இவ்வளவு கவலை வேண்டாம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7% வெள்ளி. ஆக, சுமார் 10.7 கிராம் வெள்ளியின் விலை எப்படியும் நிற்கும். 1918 மாதிரி ஏராளமாக அச்சடித்த வருஷங்களுக்கு, ரொம்பத் தேய்ந்த காசு என்றால் அதுக்கு மேல பெரிசா கிடைக்காது. 1940-லிருந்து வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான்.

மண்ணிலிருந்து எடுக்கிற செம்புக் காசு வேற விஷயம். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று இருந்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு சொன்னார். அந்த மாதிரிக் காசில் களிம்பை எடுக்காமல் எழுத்தைப் படிக்கவே முடியாது. ஆனா அது நிபுணர் வேலை, கிச்சன் சிங்க் வேலை இல்லை.

நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: விளிம்பில் பிடிங்க, பிவிசி கவரில் போடாதீங்க, ஈரம் படாம வையுங்க. பிசுக்கு இருந்தா சுத்தமான அசிட்டோனில் நனைச்சு எடுக்கலாம், தேய்க்காம. நெருப்பு பக்கத்துல மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடைசியா என் தொழில் சம்பந்தமா ஒண்ணு. "பூஜைக்கு வெச்ச காசுதானே, விற்றா வரி வராது" என்று நினைக்காதீங்க. பூஜையில் வைத்த வெள்ளி ரூபாய்களும் தங்கக் காசுகளும் சொந்த உபயோகப் பொருள் ஆகாது என்று மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்கில் 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த காசு என்றால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம்.