மெல்லக் கசியும் டயரும் நெடும்பயணமும்

ஆணி தைத்தவுடன் காற்று முழுவதும் இறங்கிவிடும் டயர், தன் நிலையை ஓட்டுநருக்கு உடனே உணர்த்திவிடுகிறது. வண்டி நிறுத்தப்பட்டுச் சக்கரம் மாற்றப்படுகிறது. இரவில் இரண்டு மூன்று பவுண்டு மட்டும் இழந்து, காலையில் சிறிது காற்றடித்ததும் நல்ல டயரைப் போலத் தோற்றமளிப்பதோ அதனினும் தீங்கானது. ராஜஸ்தானத்தில் ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவுள்ள பாலைவனச் சாலையில், கிணற்று நீரை ஆராயவோ நில அளவைக்கோ செல்லும் ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் எனக் கொண்டால், இவ்வழியைக் கடப்பதற்குள் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 1,40,000 முறை சுழல்கின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் பகுதி அமுங்கி, மீண்டும் நிமிர்கிறது. அமுங்குவதற்குச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மிகுதியாக வளைவதால், தோன்றும் வெப்பமும் மிகுதியாகும். ரப்பர் வெப்பத்தை எளிதிற் கடத்தாத பொருளாதலின், அவ்வெப்பம் உள்ளேயே தேங்குகிறது. அது அளவு கடந்தால், ரப்பருக்கும் அதனுள் பதிந்துள்ள நூல் மற்றும் எஃகு இழைகளுக்கும் இடையேயுள்ள பிணைப்பு விட்டுப்போய் டயர் வெடிக்கக்கூடும். 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை பதிவான பலோடி என்னும் ஊர் இதே பாலைவனப் பகுதியைச் சேர்ந்தது. அத்தகைய நாளில் தார்ச்சாலை காற்றைவிட மிகுதியாகத் தகிக்கும். டயர் குளிர்வதற்கு இடமே இராது.

இங்கு அழுத்தமானி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. குளிர்காலத்தில் விடியற்காலை 8 டிகிரியில் 30 பவுண்டு காட்டும் டயர், ஓடாமல் நின்றிருந்தாலும், நண்பகல் 28 டிகிரியில் ஏறக்குறைய 33 பவுண்டு காட்டும். (ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டலாம்: வெளிக்காற்றின் 15 பவுண்டையும் சேர்த்து 45 எனக் கொண்டு, அதனை 301-ஆல் பெருக்கி 281-ஆல் வகுத்து, மீண்டும் 15-ஐக் கழிக்க வேண்டும். மாணவர் பெரும்பாலும் அந்த 15-ஐ மறந்துவிடுவர்.) ஆகவே, மூன்று பவுண்டு காற்றை இழந்த டயரும் நண்பகலில் 30 காட்டி, குறையேதும் இல்லாததுபோல் நடிக்கும். ஓடிச் சூடேறிய டயரில் இம்மயக்கம் இன்னும் பெரிது. வழியில் அளந்து பார்த்து, அழுத்தம் கூடுதலென்று காற்றைத் திறந்துவிடும் வழக்கமும் சிலரிடம் உண்டு, இது தவறு. வண்டி உற்பத்தியாளர் குறித்துள்ள அளவு, குளிர்ந்த டயருக்கு உரியது.

பயணத்திற்கு இரண்டு நாள் முன்னதாக, சக்கரம் சுழலும் முன், காலையில் உதிரிச் சக்கரம் உட்பட ஐந்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அதே வேளையில், அதே மானியால் மீண்டும் அளக்க வேண்டும். ஐந்தும் ஒருசேரக் குறைந்திருந்தால் அது குளிரின் விளைவு. ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தால் அதில் கசிவு உண்டு. பழுதற்ற டயரும் ரப்பரின் ஊடாக மாதத்திற்கு ஒன்றிரண்டு பவுண்டு இழப்பது இயல்பே. ஓரிரவில் அவ்வளவு இழத்தல் இயல்பன்று.

கசியும் இடத்தைக் காணச் சோப்பு நீரே போதும். முதலில் வால்வின் வாயில் தடவிப் பார்க்க வேண்டும். வால்வு மூடி தொலைந்த வண்டிகளில் மணல் துகள் உட்புகுந்து வால்வுப் பின் சரியாகப் படியாமல் போவதுண்டு. இதற்குப் புதிய பின் ஒன்றே மருந்து. செலவு மிகச் சிறிது. அடுத்து, டயரின் விளிம்பு இரும்பு வளையத்தோடு பொருந்தும் இடம். வளையம் துருவேறியோ நெளிந்தோ இருப்பின் அங்கே நுண்குமிழிகள் எழும். இறுதியாகத் தரையில் படும் பகுதி முழுவதையும் நனைத்துப் பார்க்க வேண்டும்.

இப்பகுதியில் சாலையோரமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள் தனிக் கவனத்திற்குரியது. டியூப் உள்ள டயரில் முள்ளின் நுனி முறிந்து உள்ளே தங்கிவிடுமாயின், டியூபுக்கு ஒட்டுப்போட்டு மாட்டினாலும் அது மறுபடியும் குத்தும். ஒட்டுப்போடுபவர் டயரின் உட்புறத்தில் சிறிது பஞ்சைத் தேய்த்துப் பார்த்தல் நலம்; முள் இருக்குமிடத்தில் பஞ்சு சிக்கும். டியூப் இல்லாத டயரிலோ, தைத்த ஆணியே துளையை அடைத்துக்கொண்டு காற்றை மெல்ல மெல்ல விடும். பழுதுபார்க்கும் வசதியில்லாத இடத்தில் அதனைப் பிடுங்குதல் ஆகாது.

வெளியிலிருந்து ரப்பர்த் திரியைச் செருகி அடைப்பது அடுத்த ஊர் சென்று சேர உதவும். நெடும்பயணத்திற்கு முன்னரோ, டயரைக் கழற்றி உட்புறம் ஒட்டுப்போட்டு, துளையையும் அடைத்தல் வேண்டும். கழற்றினால்தான் காற்றுக் குறைவோடு ஓடியதால் உட்சுவர் நைந்து ரப்பர்த்தூள் உதிர்ந்திருப்பது கண்ணுக்குப் புலப்படும். அவ்வாறு நைந்த டயரும், பக்கச்சுவரில் துளைபட்ட டயரும் பழுதுபார்க்கத் தக்கவை அல்ல. செப்பனிட்ட சக்கரத்தைப் புறப்படும் நாளன்று காலையில் மற்றொரு முறை அளந்து, முன்னாள் குறித்த எண்ணோடு ஒப்பிட்டபின் வண்டியை எடுக்கலாம்.