பிக்அப்புக்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையா?

எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் பிக்அப் வண்டி டூ வீல் டிரைவ். தேவைப்படும்போது முன்சக்கரங்களுக்கும் போகும் வண்டி ஃபோர் வீல் டிரைவ். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களிடம் இந்தக் கேள்வி நேரடியாக எழுவது இசுசு டி-மேக்ஸ் வரிசையில்தான். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016இல் தொடங்கப்பட்ட ஆலையில் இது தயாராகிறது. 2021இல் வந்த ஹை-லேண்டர் பின்சக்கர இழுவை மட்டும் கொண்டது; வி-கிராஸ் இரண்டு விதமாகவும் வந்தது. எஞ்சின் இவை இரண்டுக்கும் ஒன்றே: 1.9 லிட்டர் டீசல், 163 பிஎஸ். 2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் இந்தக் குழப்பம் இல்லை. எல்லா ரகமும் ஃபோர் வீல் டிரைவ்தான்.

ஹைதராபாத் பேகம்பேட்டில் வசிக்கும் ஒருவர் இவற்றில் ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம். சர்தார் படேல் சாலையின் நெரிசலிலோ, நகரைச் சுற்றி ஓடும் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையிலோ முன்சக்கர இழுவைக்கு வேலையே இல்லை. வேலை இல்லாதது மட்டுமல்ல, காய்ந்த தாரில் அதைப் போடவே கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன. இந்தப் பிக்அப்களில் முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்காது. சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க வழியில்லாததால் பல்சக்கரங்களும் தண்டுகளும் முறுக்கேறித் தேய்கின்றன.

மழை வெள்ளத்தை நினைத்துக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. பயம் நியாயமானது: 2000 ஆகஸ்ட் 24 அன்று பேகம்பேட் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் சுமார் 24 செ.மீ. மழை பதிவானது. ஹுசேன் சாகரை நோக்கிப் போகும் குகட்பள்ளி நாலா பொங்கினால் இப்பகுதியின் தாழ்வான தெருக்கள் மூழ்கும். ஆனால் தேங்கிய நீரில் வண்டியைக் காப்பது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான். அதற்குள் நீர் ஏறினால் நான்கு சக்கரங்கள் இழுத்தும் பயனில்லை. பிரேக்கும் அப்படியே. எந்த வண்டியானாலும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கும். ஆகவே ஈரச் சாலையில் ஃபோர் வீல் டிரைவ் சீக்கிரம் நிற்காது.

உண்மையான தேவை நகருக்கு வெளியே, தோட்டத்தில் இருக்கிறது. விகாராபாத், ஜஹீராபாத் பக்கம் நிலம் வாங்கி வாரக்கடைசியில் போய்வருகிறவர்கள் ஹைதராபாத்தில் ஏராளம். நிலம் செம்மண்ணாக இருந்தால் மழை விட்டதும் பாதை ஓரளவு இறுகிவிடும். தெலுங்கில் ரேகடி என்று சொல்லப்படும் கரிசலாக இருந்தால் கதை வேறு: நனைந்த மண் டயர் பள்ளங்களை அடைத்து அதை மழமழவென்ற உருளையாக்கிவிடும். அங்கே பிக்அப்பின் பிறவிக் குறை வெளிப்படுகிறது. எஞ்சின் முன்னால் இருப்பதால் லோடு இல்லாத வண்டியில் பின்பாரம் குறைவு. இழுக்க வேண்டிய பின்சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் சுற்றும். எப்போதும் சுமையோடு போகிறவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. பிக்அப்பைக் காராகப் பயன்படுத்துகிறவருக்குத்தான் தெரியும்.

ஃபோர் வீல் டிரைவோடு வரும் லோ ரேஞ்ச் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் கொடுக்கும் பணத்துக்குப் பாதி நியாயம் அதில்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்துச் சக்கரத்தில் விசையைப் பலமடங்காக்கும் இந்த கியரில், செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஊர்ந்து இறங்கலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள் பிழைப்பதே இதனால்தான்.

தோட்டப் பாதை நடுத்தரமாக இருந்தால், டூ வீல் டிரைவ் வண்டிக்கு ஆழப் பள்ளம் உள்ள ஆல்-டெரைன் டயர் போட்டுப் பின்னால் சில மூட்டை ஏற்றினாலே பெரும்பாலான நாட்கள் போய்வரலாம். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், வழுக்கும் சக்கரத்தையே வீணாகச் சுற்றவிடும். அதைத் தடுக்கும் டிஃபரன்ஷியல் லாக்கோ டிராக்ஷன் கன்ட்ரோலோ இருந்தால் இன்னும் நல்லது. மழைக்காலம் முழுவதும் கரிசல் காட்டுக்குள் போயே தீரவேண்டியவர் இப்படி மிச்சம் பிடிப்பது வீண். வண்டி புதைந்தால் இழுக்க டிராக்டர் வரும்வரை காத்திருக்க அவருக்குப் பொழுது இருக்காது.

ஃபோர் வீல் டிரைவுக்கு விலை லட்சக்கணக்கில் கூடும். கூடுதல் எடையால் மைலேஜ் சற்றுக் குறையும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் முன் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனியாக ஆயில் மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறையாவது மண் தரையில் போட்டு ஓட்டாவிட்டால் இணைப்புகள் இறுகிக்கொள்ளும். பழைய வண்டி வாங்குகிறவர் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்: தாரை விட்டு இறங்கி முன்சக்கர இழுவை, லோ ரேஞ்ச் இரண்டையும் போட்டுப் பார்ப்பதோடு, நான்கு டயரும் ஒரே அளவாகவும் ஒரே தேய்மானத்திலும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதும் அவசியம்.