நகையும் வறுமையும்

சென்ற கிறிஸ்மஸ் விடுமுறையில், கொடைக்கானல் மலையடிவாரத்துள்ள கெங்குவார்பட்டியில், யாம் ஓரிரவு வெள்ளை வேட்டியொன்றைச் சுவரிற் கட்டி, சார்லி சாப்ளின் 1925-இல் வெளியிட்ட ‘கோல்டு ரஷ்’ என்னும் அமெரிக்க ஊமைப்படத்தைக் காட்டினோம். இது தமிழகத்திற்குப் புதுமையன்று. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இலேயே டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர்தோறும் சலனப்படம் காட்டினார். ஊமைப்படத்திற்கு எம்மொழியும் தடையன்று. இடையிடையே வரும் ஆங்கில எழுத்துக்களை முதலில் யாம் தமிழில் உரக்கச் சொன்னோம். சிறிது நேரத்தில் அதுவும் வேண்டாதாயிற்று.

அலாஸ்காப் பனிவெளியிற் பொன் தேடிச் சென்ற சார்லியும் பெரிய ஜிம்மும் ஒரு குடிசையில் உணவின்றி அடைபட்டுக் கிடக்கின்றனர். சார்லி தன் பாதரட்சை ஒன்றைக் கழற்றி வேகவைத்து, விருந்து படைப்பான் போலத் தட்டில் இடுகின்றான். ஆணிகளைக் கோழியெலும்பெனச் சுவைக்கின்றான். கயிற்றை இடியாப்பம் போலச் சுற்றி உண்கின்றான். சிறுவர் ஆரவாரித்துச் சிரித்தனர். ஆயின் முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், “பாவம்யா, எத்தனை நாள் பட்டினியோ!” என்றார். எம் சிரிப்பு அவ்வளவில் நின்றது.

சிறுவர் சிரித்தது தவறா? தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களங் கூறினார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு கூறினார். வறுமை அழுகைக்கு உரியது. சாப்ளினோ, அழுகைக்குரிய நிலைக்களத்தின் மேல் நகையை எழுப்புகின்றார். பசித்தவன் பசித்தவனாய் உண்டிருப்பின் அழுகையே பிறக்கும். செல்வன் போல் உண்ணுதலின் நகை பிறக்கின்றது. சிறுவர் மேற்புறத்தைக் கண்டனர். மூதாட்டி அடித்தளத்தைக் கண்டார். இருவர் கண்டதும் மெய்யே.

இக்காட்சி வெறுங் கற்பனையுமன்று. 1846-47-இல் சியரா நெவாடா மலைப்பனியிற் சிக்கிப் பாதரட்சையையும் உண்ட பயணிகளின் வரலாறு சாப்ளினுக்கு வித்தாயிற்று. அவர்தாமும் ஏழாம் வயதில் இலண்டன் ஏழையர் விடுதியிற் புகுந்தவர். அவர் படத்தில் உண்ட பாதரட்சையோ அதிமதுர மிட்டாயாற் செய்தது! 1942-இல் இப்படத்திற்கு அவரே தம் குரலிற் கதையுரை சேர்த்தார். அஃது ஊறு என்பதே எம் கருத்து. மூதாட்டி உணர்ந்ததை எவ்வுரையும் சொல்லியிராது.

அடுத்து, பசிமயக்கத்தில் ஜிம்மின் கண்ணுக்குச் சார்லி பெருங்கோழியாய்த் தோன்றும் காட்சி வந்தது. அப்போது அம்மூதாட்டியும் முந்தானையால் வாய்பொத்தி நகைத்தார்.