கலைந்த ரிப்போர்ட்டைச் சீராக்கும் பவர் குவெரி

கடை பில்லிங் சாப்ட்வேர் தரும் ரிப்போர்ட்டை எக்ஸெல்லில் திறந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் நெட்டு வரிசையில் "மளிகை" என்ற பிரிவுப் பெயர் ஒருமுறை மட்டும் இருக்கும். அதன் கீழ் உள்ள செல்கள் காலி. அடுத்த வரிசையில் பொருள்கள். வலது பக்கம் ஜனவரி, பிப்ரவரி எனத் தனித்தனி வரிசைகள். நடுநடுவே "மொத்தம்".

இது பிரிண்ட் எடுத்துப் படிப்பதற்கான அமைப்பு, கணக்கிட ஏற்றதல்ல. அரிசி 4,000, பருப்பு 2,500, மொத்தம் 6,500 என்று உள்ள வரிசையை அப்படியே சம் பார்முலாவில் கூட்டினால் 13,000 வரும். விற்பனை இரு மடங்காகத் தெரியும். சார்ட் செய்தாலோ, எந்தப் பொருள் எந்தப் பிரிவு என்பதே தெரியாமல் போகும்.

இதைச் சரி செய்யும் வசதிதான் பவர் குவெரி. எக்ஸெல் 2010, 2013 தொகுப்புகளுக்குத் தனி ஆட்-இன் ஆகத் தரப்பட்ட இது, எக்ஸெல் 2016 முதல் விண்டோஸ் பதிப்பின் உள்ளேயே கிடைக்கிறது.

முதலில் பைலுக்கு ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பின் கீழ்க்கண்டபடி செயல்படவும்.

1. ரிப்போர்ட் முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா டேப்பில் "ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்" என்பதில் கிளிக் செய்திடவும். தலைப்பு உள்ளதா எனக் கேட்கும் பாக்ஸில் டிக் செய்து ஓகே கொடுக்கவும். பவர் குவெரி எடிட்டர் விண்டோ திறக்கும். காலி செல்களில் "நல்" என்று தெரியும்.

2. பிரிவு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டிரான்ஸ்பார்ம் டேப்பில் "ஃபில்", "டவுன்" அழுத்தவும். மேலே உள்ள பெயர் கீழே உள்ள காலி இடங்களில் எல்லாம் நிரம்பும்.

3. பொருள் வரிசையின் கீழ்நோக்கிய அம்புக்குறியில் கிளிக் செய்து, "மொத்தம்", "நல்" ஆகியவற்றின் டிக் அடையாளங்களை நீக்கவும். இதை இரண்டாவது படிக்கு முன் செய்யக் கூடாது. பிரிவுப் பெயர் தனி வரியில் இருந்தால், நிரப்பும் முன்பே அந்த வரி நீங்கிவிடும்.

4. வலது ஓரத்தில் மொத்த வரிசை இருந்தால், அதில் ரைட் கிளிக் செய்து "ரிமூவ்" கொடுக்கவும்.

5. கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி பிரிவு, பொருள் இரண்டையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து "அன்பிவட் அதர் காலம்ஸ்" கொடுக்கவும். மாதங்கள் ஒரு வரிசையாகவும், தொகைகள் இன்னொரு வரிசையாகவும் மாறும். இவற்றின் தலைப்பில் டபுள் கிளிக் செய்து "மாதம்", "தொகை" எனப் பெயர் தரலாம்.

6. ஹோம் டேப்பில் "குளோஸ் அண்ட் லோட்" அழுத்தவும். புதிய ஷீட்டில் நான்கே வரிசைகளில் டேபிள் கிடைக்கும். இதில் பில்டர், பிவட் டேபிள், சார்ட் எல்லாம் தடையின்றி இயங்கும்.

சி.எஸ்.வி. பைலிலிருந்து டேட்டாவை எடுத்தால், காலி செல்களில் "நல்" தெரியாமல் வெறுமையாகவே இருக்கலாம். அப்போது ஃபில் டவுன் வேலை செய்யாது. "ரீபிளேஸ் வேல்யூஸ்" மூலம் வெறுமையை நல் என மாற்றிய பின் நிரப்பவும்.

நீங்கள் செய்த ஒவ்வொரு படியும் எடிட்டரின் வலது பக்கம் "அப்ளைட் ஸ்டெப்ஸ்" பட்டியலில் பதிவாகிறது. எனவே அதே டேபிளில் ஏப்ரல் மாத வரிசையைச் சேர்த்தால், "ரெஃப்ரெஷ் ஆல்" அழுத்தினாலே போதும். எல்லாப் படிகளும் தாமாக இயங்கும்.

கடைசியாக, தொகை வரிசையைக் கூட்டி, பழைய ரிப்போர்ட்டின் இறுதி மொத்தத்துடன் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கை நம்பிப் பயன்படுத்துங்கள்.